சந்தின் எந்தப் பக்கம்? ஒளிப்படத்தில் பதியும் இடக்குறிப்பும் அதன் நம்பகமும்

களப்பணியில் எடுத்த ஒளிப்படத்தோடு அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்ந்துவிட்டால், அதன்பின் அந்தப் படத்தை யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. கடைப்பலகைகளின் மொழியை ஆராயும் மொழி நிலத்தோற்ற ஆய்வு, குடியிருப்புக் கணக்கெடுப்பு, ஊரக வேலைத்திட்ட வருகைப் பதிவு என எங்கும் இதே நிலைதான். எண் இருப்பதால் அது சான்று என்று கொள்ளப்படுகிறது. உண்மையில் அந்த எண் ஒரு சாட்சி மட்டுமே, தீர்ப்பு அன்று. திறந்த வயல்வெளியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. மும்பை டிராம்பேயின் சீத்தா கேம்ப் போன்ற நெருக்கமான குடியிருப்பில் அது ஒரு குடும்பத்தின் வீட்டுரிமையையே தொடக்கூடியது.

இடக்குறிப்பு படத்துக்குள் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேமராவின் ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் செருகும் தனி ஜிபிஎஸ் கருவிகள் 2008இல் வந்த நிக்கான் ஜிபி-1, 2012இல் வந்த கேனான் ஜிபி-ஈ2 போன்றவற்றால் பரவலாயின. பின்னர் திறன்பேசியிலிருந்து புளூடூத் வழியாக இடத்தைப் பெறும் முறையும் வந்தது. எந்த முறையாயினும் அடிப்படை ஒன்றே. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் அலைகள் வந்து சேரும் நேரத்தைக் கொண்டு கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. குறைந்தது நான்கு கோள்களின் அலை தேவை. கிடைத்த கணிப்பைக் கேமரா எக்சிஃப் என்னும் படக்குறிப்புப் பகுதியில் எழுதிவைக்கிறது. ஆகவே படத்தில் இருப்பது அளந்தறிந்த இடம் அன்று, கணித்தறிந்த இடம்.

அக்கணிப்பு எவ்வளவு சரியானது? 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. அது நீக்கப்பட்டபின் நிலைமை பெரிதும் மேம்பட்டது. இன்று திறந்த வானத்தின்கீழ்த் திறன்பேசியின் கணிப்பு பொதுவாக 4.9 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் அமையும் என்று ஜிபிஎஸ் குறித்த அமெரிக்க அரசின் தகவல்தளமே கூறுகிறது. கட்டடங்கள், பாலங்கள், மரங்கள் அருகில் இது மோசமாகும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஐந்து மீட்டர் ஆரம் என்றால் விட்டம் பத்து மீட்டர், அதாவது சுமார் 33 அடி. பத்தடி முகப்புள்ள வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் சந்தில் அந்த வட்டத்துக்குள் ஒரு வரிசையில் மூன்று வீடுகள் அடங்கும். எதிர்வரிசையையும் சேர்த்தால் ஆறு. இது வானம் திறந்திருக்கும்போது கிடைக்கும் கணக்கு. சந்தில் வானம் திறந்திருப்பதில்லை.

மாடி மேல் மாடியாக உயர்ந்த வீடுகளுக்கும் தகரக் கூரைகளுக்கும் நடுவே நிற்பவருக்குத் தலைக்கு மேலும் சந்தின் நீளவாக்கிலும் மட்டுமே வானம் தெரியும். அந்த ஒடுங்கிய பட்டையில் உள்ள கோள்களின் அலையே நேராக வந்து சேரும். பக்கவாட்டிலிருந்து வருபவை சுவரிலும் தகரத்திலும் பட்டுத் திரும்பி, சற்றே தாமதித்து வரும். கருவி அந்தத் தாமதத்தைத் தொலைவு என்று எண்ணிக்கொள்ளும். இதனால் சந்தின் நீளவாக்கில் பிழை குறைவாகவும் குறுக்குவாக்கில் மிகுதியாகவும் அமைகிறது. சந்தில் எவ்வளவு தூரம் உள்ளே என்பதை ஓரளவு சொல்லிவிடும் கருவி, சந்தின் எந்தப் பக்கம் என்று கேட்டால் தடுமாறுகிறது. கணக்கெடுப்பவருக்கு வேண்டியதோ பெரும்பாலும் அந்த இரண்டாவது விடைதான்.

இடத்தோடு காலமும் பிழை சேர்க்கும். மின்கலத்தைச் சேமிக்க, சில கருவிகளில் இருப்பிடத்தைப் புதுப்பிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடம் வரை நீட்டி வைக்கலாம். மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் 330 மீட்டர் கடந்திருப்பார். நடைத்தடத்தைத் தனிக் கருவியில் பதிந்து, பின்னர் கேமராக் கடிகாரத்தோடு பொருத்துபவர்களுக்கு வேறொரு தொல்லை: கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் படம் 67 மீட்டர் தள்ளிப்போய் விழும். இந்திய நேரம் உலகப் பொதுநேரத்திலிருந்து ஐந்தரை மணி விலகியது என்பதை மறந்து முழுமணி நேரத்தை அமைத்துவிட்டால் வேறொரு தெருவே வந்து நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு திரையில் தோன்றுவது தசமப்புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள். அட்சரேகையில் ஆறாவது இலக்கம் குறிப்பது சுமார் 11 சென்டிமீட்டர். ஐந்து மீட்டர் ஐயமுடைய கணிப்பு ஒரு சாண் அளவிலான உறுதியோடு பேசுகிறது. நுண்மையாகச் சொல்வதும் சரியாகச் சொல்வதும் வேறு வேறு என்பதை இலக்கங்களின் எண்ணிக்கை மறைத்துவிடுகிறது.

மொழியியல் மாணவர்களுக்கு இதில் பழக்கமான ஒரு சிக்கல் உண்டு. அ, இ, உ ஆகியவற்றைத் தொல்காப்பியம் சுட்டு என வகுத்தது. 'இந்த வீடு' என்ற தொடருக்குப் பொருள் கிடைக்க, பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிய வேண்டும். படத்தின் இடக்குறிப்பு கேமரா நின்ற இடத்தின் 'இ'. அதை வாசிப்பவரோ படத்தில் தெரியும் வீட்டின் 'இ' என்று கொள்கிறார். நெடுங்குவிய லென்சில் எடுத்த கடைப்பலகை ஐம்பது மீட்டர் அப்பால் இருக்கலாம். குறிப்பு காட்டுவது எடுத்தவர் நின்ற மூலையை. படத்தில் என்ன இருக்கிறது என்பதற்கும் அந்த எண் பொறுப்பேற்பதில்லை. மகாத்மா காந்தி ஊரக வேலைத்திட்டத்தில் 2023 ஜனவரி முதல் எங்கும் கட்டாயமான செயலிவழி வருகைப் பதிவு, இடக்குறிப்புடன் கூடிய படங்களையே நம்பியது. தொடர்பற்ற படங்களும் படத்தைப் படமெடுத்த படங்களும் அதில் ஏற்றப்படுவதை 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் சுட்டிக்காட்ட நேர்ந்தது.

சீத்தா கேம்ப்பில் படமும் முகவரியும் பிணைந்த வரலாறு ஜிபிஎஸ்ஸுக்கு மூத்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டு, சுமார் 70,000 மக்கள் இங்கே கொண்டுவரப்பட்டனர். தமிழர் பலர் அவர்களில் இருந்தனர். அந்தக் குடியிருப்புக்காகப் போராடியவர்தான் பின்னர் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பின் தலைவராக அறியப்பட்ட ஜோக்கின் அற்புதம். அதே 1976இல் மகாராஷ்டிர அரசு குடிசைக் கணக்கெடுப்பு நடத்திப் புகைப்பட அட்டை வழங்கியது. குடும்பத்தின் படம், குடிசையின் எண், அலுவலரின் ஒப்பம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால் அது சான்றானது. படம் மட்டும் தனித்துப் பேசவில்லை.

அந்த அட்டையின் பயன் இன்றும் தீரவில்லை. 2000 ஜனவரி 1 என்னும் வரம்புத் தேதிக்கு முன் இதே இடத்தில் குடியிருந்ததைக் காட்டுவதைப் பொறுத்தே இந்நகரில் பலருக்கு இலவச மறுகுடியமர்வு அமைகிறது. தாராவியில் 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பு ட்ரோன், லைடார் ஆகியவற்றைப் பயன்படுத்தியபோதும், ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி எண் இட்டு, வாசலில் சென்று ஆவணம் கேட்க வேண்டியிருந்தது. மேலிருந்து பார்க்கும் கருவிக்குக் கூரை தெரியும்; கூரைக்கு அடியில் எத்தனை குடும்பம், மேல்தளத்தில் யார் என்பது தெரியாது. கேமராவின் இடக்குறிப்பும் அவ்வாறே: கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் அது தரும் அட்சரேகை ஒன்றே. உயரக் கணிப்பு கிடைமட்டக் கணிப்பைவிடவும் நம்பகம் குறைந்தது.

புதிய கருவிகள் இரு அலைவரிசைகளைப் பெற்றுப் பிழையைக் குறைக்கின்றனவே என்று கேட்கலாம். குறைக்கின்றன, அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சுவரும் தகரமும் இருக்கும்வரை பிழை முற்றும் நீங்காது. கேமரா நின்ற இடம் வேறு, பொருள் இருக்கும் இடம் வேறு என்ற சிக்கலோ எந்த அலைவரிசையாலும் தீராது.

இடக்குறிப்பைக் கைவிட வேண்டியதில்லை. அதன் வரம்பையும் உடன் எழுத வேண்டும். எக்சிஃப் தரத்தில் கிடைமட்டப் பிழையளவைக் குறிக்கவே ஓர் இடம் உண்டு. அது வெற்றாக இருந்தால் ஆய்வாளரே குறிப்பேட்டில் எழுதலாம். சந்துக்குள் நுழையுமுன் திறந்த இடத்தில் கருவிக்குச் சில நிமிடம் தரலாம். ஒரே வாசலை வெவ்வேறு நேரங்களில் எடுத்து எண்கள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கலாம். செக்டர் எழுத்து, சந்து, கதவு எண், பக்கத்து வீடு, அவ்வீட்டார் தம் வாயால் சொல்லும் அடையாளம் ஆகியவற்றைப் படத்தோடு சேர்க்கலாம். 'மசூதிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயிலிருந்து மூன்றாவது' என்ற விடை எந்தப் பக்கம் என்பதில் செயற்கைக்கோளைவிடத் தெளிவானது.

இதைக் கேட்க வேண்டிய பொறுப்பு ஆய்வு நெறியாளர்களுக்கும் தேர்வுக் குழுவினருக்கும் உண்டு. ஒலிப்பதிவில் கேட்புத் தெளிவற்ற அசையை அடைப்புக்குறியிட்டுக் காட்டுவது மொழியியலில் வழக்கம். ஐயமுடைய இடத்துக்கும் அந்த அடைப்புக்குறி வேண்டும். இல்லாவிட்டால், நாளை அந்தத் தரவை எடுத்தாளும் அலுவலர் எதிர்வீட்டின் படத்தை இவ்வீட்டின் சான்றாகக் கொள்ளக்கூடும். அதன் விலையைக் கொடுப்பவர் ஆய்வாளராக இருக்கமாட்டார்.