பிளம்பர் கூலி எங்கே ஒழுகுகிறது?

சென்னையில் புதுக் கட்டடத்துச் சுவரில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தால் போதும். உடனே ஆள் வருகிறது. சுவரை உடைத்துப் பார்க்கிறார்கள். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கிறார்கள்.

அந்தக் குழாயைப் போட்டவரின் கூலியிலும் ஒழுகல் இருக்கிறது. அதைத்தான் யாரும் தேடிப் பார்ப்பதில்லை!

"பிளம்பருக்கு என்னப்பா, நல்ல காசு" என்று பலர் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து, பத்து நிமிடத்தில் குழாயைச் சரி செய்துவிட்டுப் போகிறவரைப் பார்த்துச் சொல்கிற பேச்சு அது. கட்டட வேலையில் கான்டிராக்டரிடம் தினக்கூலிக்கு நிற்கும் பிளம்பர் வேறு. அவருக்கு பைப் தூக்கிக் கொடுத்து, சுவரில் காடி வெட்டும் கையாள் இன்னும் வேறு.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தக் கடைசி இரண்டு பேருக்காக வந்தது.

முதலாளி யார்?

வீட்டுக்காரர் கூப்பிட்டதும் வந்து, பேரம் பேசி, வேலை முடித்துக் காசு வாங்கிப் போகிறவர் சொந்தத் தொழில்காரர். அவருக்குச் சட்டம் ரேட் போடவில்லை. பேசியதுதான் கூலி.

இன்னொருவர் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்து கூலி வாங்குகிறவர் தொழிலாளி. அவருக்குக் கூலி கொடுப்பவர் முதலாளி.

முதலாளி என்றதும் மில் முதலாளிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறார். ஆள் வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியும் முதலாளிதான். மாதச் சம்பளத்துக்கு பிளம்பர் வைத்திருக்கும் லாட்ஜும் ஓட்டலும் முதலாளிதான். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமும் அதே கணக்கில்தான் வரும்!

பழைய சட்டம் போய் புதிய சட்டம்

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-ல் வந்தது. அட்டவணையில் உள்ள தொழில்களுக்கு மட்டும் அரசு கூலி நிர்ணயிக்கும் என்றது அந்தச் சட்டம். ரோடு வேலையும் கட்டட வேலையும் முதலிலிருந்தே அந்த அட்டவணையில் இருந்தன.

2019-ல் பாராளுமன்றம் ஊதியச் சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21-ல் அது அமலுக்கு வந்தது. இப்போது அட்டவணை என்ற வேலி கிடையாது. எந்தத் தொழிலில் இருக்கும் தொழிலாளிக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போகாமல் கூலியை அரசு மறுபடி பார்க்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது.

கூலிக் கணக்கு எப்படி வந்தது? குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு என்று வைத்து, சாப்பாடு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு-விளக்குச் செலவு எல்லாம் பார்க்க வேண்டும் என்று 1957-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு சொன்னது. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், வயோதிகம், கல்யாணச் செலவு இவற்றுக்காக 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அந்த வழக்கே சென்னை மருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நடத்தியதுதான்!

ரேட் என்ன?

வேலை யாருடையது என்பதைப் பொறுத்து ரேட் மாறும். தனியார் கட்டடம் என்றால் தமிழக அரசு நிர்ணயித்த கூலி. அதில் அடிப்படைக் கூலி ஒன்று, பஞ்சப்படி ஒன்று. சென்னை நகர விலைவாசிப் புள்ளியைப் பார்த்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ல் பஞ்சப்படி மாறும்.

ரெயில்வே, துறைமுகம், விமான நிலையம் போன்ற இடங்களில் நடக்கும் வேலைக்கு மத்திய அரசு ரேட். கட்டட வேலைக்கு, பெரிய நகரங்களில், 2024 அக்டோபர் 1 முதல் அறிவித்த தினக்கூலி இது:

தொழில் தேர்ச்சி இல்லாதவருக்கு 783 ரூபாய். அரைத் தேர்ச்சி பெற்றவருக்கு 868 ரூபாய். தேர்ச்சி பெற்றவருக்கு 954 ரூபாய்.

ஏப்ரலிலும் அக்டோபரிலும் பஞ்சப்படியைப் பார்த்து இதை மாற்றுவது வழக்கம். அன்றைய ரேட் என்ன என்பதை லேபர் ஆபீசில் கேட்டால் தெரியும்.

சரி, பேசிய கூலி இதற்குக் குறையவில்லை என்றே வைத்துக் கொள்வோம். கணக்கு முடிந்ததா? அங்கேதான் ஒழுகல் ஆரம்பம்!

ஒழுகல் 1: "மெட்டீரியல் வரலே"

காலை 9 மணிக்கு ஆள் வந்தாச்சு. மதியம் வரை வேலை நடந்தது. அப்புறம் பைப் தீர்ந்து போச்சு. "மெட்டீரியல் வரலே, அரை நாள் போட்டுக்கோ, நாளைக்கு வா" என்கிறார் மேஸ்திரி.

சட்டம் இதை ஒத்துக் கொள்வதில்லை. வேலை கொடுக்க முடியாமல் போனது முதலாளி குறை என்றால், தினக்கூலித் தொழிலாளிக்கு முழு நாள் கூலி கொடுக்க வேண்டும். தொழிலாளியே வேலை செய்ய மாட்டேன் என்று போனால்தான் குறைக்கலாம்.

ஒழுகல் 2: டீக்காசு

8 மணி நேரத்துக்கு மேல் செய்தால் ஓவர்டைம். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி.

954 ரூபாயை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 119 ரூபாய் 25 காசு. இரட்டிப்பு 238 ரூபாய் 50 காசு. இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றால் 477 ரூபாய் வர வேண்டும்.

"கான்கிரீட் போடறதுக்குள்ளே பைப் முடிக்கணும்" என்று இருட்டும் வரை நிறுத்திவிட்டு, 100 ரூபாய் டீக்காசு கொடுத்தால் என்ன ஆகிறது? அன்றைக்கு 377 ரூபாய் அம்போ! வாரத்தில் நாலு நாள் இப்படி என்றால் 1,508 ரூபாய் போய்விட்டது.

ஒழுகல் 3: "பாத்ரூமுக்கு இவ்வளவு"

நாள் கணக்கு வேண்டாம், பாத்ரூமுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். சுவர் வெட்டுவது லேட், டைல்ஸ்காரர் லேட் என்று இழுத்துக் கொண்டே போகும். கடைசியில் நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால் கையாள் கூலி கூடத் தேறாது.

கூலிக்கு வேலை செய்கிறவரிடம் வேலை அளவுக் கணக்கு பேசினாலும், நாளுக்கு உரிய குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம்.

ஒழுகல் 4: உடைந்த டைல்ஸ்

டைல்ஸ் உடைந்தால் "உன் கணக்கிலே பிடிச்சுக்கறேன்" என்பது சர்வ சாதாரணம். தொழிலாளியின் அஜாக்கிரதையால் உடைந்தது என்று தெரிய வேண்டும். அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்க வேண்டும். நஷ்டத்துக்கு மேல் ஒரு காசு பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது.

கான்டிராக்டர் கை விரித்தால்?

கான்டிராக்டர் தரப்பிலும் ஒரு கதை உண்டு. "பில்டர் பில்லை நிறுத்தி வச்சுட்டார், நான் எங்கே போறது?" என்பார். பல இடங்களில் அது உண்மையும் கூட. கட்டுப்படியாகாத ரேட்டுக்கு வேலை எடுத்தவர் வேறு எதில் மிச்சம் பிடிப்பார்? குழாய் விலையைக் குறைக்க முடியாது. ஆள் கூலியில்தான் கை வைப்பார்.

ஆகவே சட்டம் மேலேயும் பிடிக்கிறது. கான்டிராக்டர் கொடுக்கத் தவறினால் அந்த நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு.

1982-ல் டெல்லியில் ஏசியாட் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் கடுமையாகச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய வேலை, அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவுக்கு விரோதம் என்றது.

உயிர் போகும் வேலை

"அப்படியே செப்டிக் டேங்க் மூடியையும் திறந்து பாத்துடுப்பா" என்று பிளம்பரிடம் சொல்கிறவர்கள் உண்டு. எட்டிப் பார்ப்பதற்கும் உள்ளே இறங்குவதற்கும் நடுவே ஒரு உயிர் நிற்கிறது. விஷ வாயு சொல்லிவிட்டு வராது.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை ஜெயில், 2 லட்சம் வரை அபராதம். சாக்கடை மரணத்துக்கு நஷ்ட ஈட்டை 30 லட்சமாக 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு உயர்த்தியது. ஐநூறு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று சொல்லி இறக்குகிற வீட்டுக்காரர் இதை யோசிக்க வேண்டும்.

சாட்சி எங்கே?

இவ்வளவு சட்டம் இருந்தும் புகார் ஏன் வருவதில்லை? பயம்தான். லேபர் ஆபீசுக்குப் போனவனுக்கு அடுத்த சைட்டில் வேலை கிடைக்காது. வாங்கிய அட்வான்ஸ் வாயைக் கட்டுகிறது. கையில் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது.

புதிய சட்டம் இதில் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. முன்பு ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். இப்போது மூன்று ஆண்டு வரை கேட்கலாம். கூலி கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. பாக்கியோடு பத்து மடங்கு வரை நஷ்ட ஈடு போடவும் அதிகாரிக்கு இடம் உண்டு. குறைத்துக் கொடுத்தவருக்கு அபராதம் 50 ஆயிரம் வரை.

ஆனால் வேலை செய்தது எந்த சைட், எந்தத் தேதி, எத்தனை மணி என்று தொழிலாளி சொல்ல வேண்டுமே! ஒரு சின்ன நோட்டு போதும். வந்த நேரம், போன நேரம், வாங்கிய பணம், கொடுத்தவர் பெயர். தினமும் நாலு வரி. பணம் போனில் வந்தால் அதுவே ஒரு சாட்சி.

18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் பதிந்து கொள்ளலாம். 1994-ல் ஏற்பட்ட வாரியம் அது. விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் சாவி. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் இதற்காக வசூலாகிறது. அட்டை இல்லாதவருக்கு அதில் ஒரு காசு வராது.

பிளம்பர் வைக்கிற சங்கமும் கடைக்காரரும் வேலை ஆரம்பிக்கும் முன்பே மூன்றை எழுதி வைக்க வேண்டும்: நாள் கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், மேலே போனால் எவ்வளவு. ஒரு தாளில் மூன்று வரி, இரண்டு கையெழுத்து. சனிக்கிழமை சாயந்திரம் சம்பளப் பட்டுவாடாவில் நடக்கும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.