மஞ்சள் விளக்கு படுத்திய பாடு

எங்கள் வீட்டில் ஒரு ஹெரால்டு கார் இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட வாசம் செய்கிறது என்று சொல்வதே பொருத்தம். 1961-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய ஜாதி அது. இத்தாலியரான மிக்கலோட்டி வரைந்த உருவம். முன்பாகம் முழுவதும், மூக்கு முழியோடு, முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். என் மாமனார் ஓட்டிய வண்டியாதலால் இவருக்கு அதன்மேல் பக்தி அதிகம். எனக்கு எந்தப் பட்டுப் புடவை எப்போது வாங்கினார் என்பது நினைவிராது. வண்டிக்கு எப்போது எண்ணெய் மாற்றினார் என்பது தலைகீழ்ப் பாடம்.

சென்ற கார்த்திகையில் குன்னூரில் தங்கை பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். "அதிலேயே போவோம்" என்றார். கிளம்புமுன் பம்பருக்கு நிக்கல் முலாம், அதைத் தாங்கும் இரும்புகளுக்குப் புதுப் பெயின்ட். பம்பரில் மாட்டியிருந்த இரண்டு மஞ்சள் விளக்குகளையும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார்கள். கண்ணாடியில் முகம் பார்க்கலாம். அந்த விளக்குகளை ஒரு தரம் எரியவிட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சென்னையில் பனிமூட்டத்துக்கு எங்கே போவது?

மேட்டுப்பாளையத்தில் காபி குடித்துவிட்டு மலை ஏறும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. பர்லியாறு தாண்டியதும் மூட்டம் இறங்கியது. இவர் பெருமையோடு மஞ்சள் விளக்கின் ஸ்விச்சைத் தட்டினார். அகல் விளக்கு அணையப் போகும்போது ஒரு சிவப்புத் தெரியுமே, அவ்வளவுதான். அதோடு, கை காட்டும் விளக்குகள் யாரும் கேட்காமலே லேசாக மினுக்கின.

"பெரிய விளக்கைப் போடுங்களேன்" என்றேன். போட்டார். எதிரே வெள்ளைச் சுவர் எழும்பியது. பனித் திவலைகள் அந்த வெளிச்சத்தை நம் கண்ணிலேயே திருப்பி அடித்துவிடுகின்றன. மூட்டத்துக்கான விளக்கைத் தாழ்வாக மாட்டி, ஒளி தரையோடு அகலமாகப் பரவும்படி செய்திருப்பது இதற்காகத்தான். (மஞ்சள் நிறம் பனியைத் துளைக்கும் என்பார்கள். அது கதை. மூடுபனித் திவலை ஒளியலையைவிடப் பல மடங்கு பெரிது. அதற்கு மஞ்சளும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான். கண் கூச்சம் கொஞ்சம் குறையலாம்.)

ஒரு கொண்டை ஊசி வளைவில் நாலு முழம் முன்னால் ஒரு லாரியின் முகம் முளைத்தது. இவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பேத்தி உருண்டு கீழே விழுந்தாள். நல்லவேளை, அடி இல்லை. எனக்குத்தான் வெகு நேரம் கை நடுங்கியது. ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, மூட்டம் விலகும் வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இவர் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். பல்பை மாற்றினார்கள். எரியவில்லை. ஸ்விச்சை மாற்றினார்கள். எரியவில்லை. "பழைய சாமான் சார், தூக்கிப் போட்டுவிட்டுப் புது செட் மாட்டுங்கள்" என்றார்கள். மாமனார் மாட்டிய விளக்கு! இவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அகஸ்மாத்தாகக் கடைவீதியில் ஒரு வயரிங் கடைப் பெரியவர் அகப்பட்டார். விளக்கைப் போடச் சொன்னார்; கை காட்டும் விளக்கும் மினுக்குவதைப் பார்த்ததும் சிரித்தார். "கரண்டு போகுதுங்க. திரும்பி வரத்தான் வழியில்லீங்க, அம்மா. பக்கத்து வீட்டு வழியா நுழைஞ்சு வருது" என்றார்.

விஷயம் இதுதான். பாட்டரியிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பி போகிறது. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடம்புதான் பாதை. இதை எர்த்து என்கிறார்கள். எங்கள் வண்டியில் இரண்டு வகை விளக்குகளின் கறுப்புக் கம்பிகளும் பம்பர் இரும்பில் ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்திருந்தன. அந்த இரும்புக்குத்தான் நாங்கள் ஆசையாகப் பெயின்ட் அடித்திருந்தோம்! பெயின்டில் மின்சாரம் ஓடுமா?

பெரியவர் ஒரு நீளக் கம்பியை எடுத்தார். ஒரு நுனி விளக்கின் இரும்பில். மறுநுனி, பாட்டரியில் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும் முனையில். பளீரென்று எரிந்தது. (இதை நீங்களும் செய்து பார்க்கலாம். எந்த முனை என்பதை மட்டும் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். மாறித் தொட்டால் பொறி பறக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ் முனையைத்தான் உடம்போடு சேர்த்திருந்தார்கள்.) பிறகு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, துரு ஏறாமலிருக்க மேலே வாஸலின் தடவினார். பாட்டரியில் 12 வோல்ட் இருந்தும் விளக்குக்கு 10 தான் போய்ச் சேர்ந்தால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடுமாம். எங்களுக்கு அவ்வளவுகூடப் போய்ச் சேரவில்லை.

இன்னொன்றும் செய்தார். இந்த மாதிரி விளக்கு இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவும் அந்தச் சின்ன ஸ்விச்சு வழியாகவே போய்க்கொண்டிருந்தது. அது சூடேறிக் கருகாமலிருக்க நடுவில் ஒரு ரிலேயும், ஃப்யூஸும் வைத்தார். "மெதுவாப் போறப்ப டைனமோ அதிகமாக் கொடுக்காதுங்க. மூட்டத்திலே மத்த சாமானை எல்லாம் அணைச்சு வச்சிருங்க" என்று இவரிடம் சொல்லியனுப்பினார். கூலி கேட்டதைவிட ஒரு மடங்கு அதிகம் கொடுத்தார் இவர். காபிப் பொடி வாங்க நான் பணம் கேட்டால் கணக்குப் பார்க்கிற மனிதர்!

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. திரும்பும் நாளில் நல்ல வெயில். மூட்டத்தின் நிழல்கூட இல்லை. ஆனாலும் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இவர் மஞ்சள் விளக்கை அணைக்கவே இல்லை. எதிரே வந்தவர்களெல்லாம் விளக்கை மினுக்கி மினுக்கிக் காட்டினார்கள். "பார், வண்டியை எல்லோரும் மெச்சுகிறார்கள்" என்றார்.