ஒருத்தர்கூட எதிர்க்கவில்லையா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தாத்தான் சார் உருப்படும்." போன மாதம் அப்படிச் சொன்னவர் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்: "மொத்த ஜெர்மனியும் அவன் பின்னால நின்னுச்சு. ஒருத்தன்கூட எதிர்த்துப் பேசலையே!"

படித்தவர்களும் நம்புகிற பேச்சு இது. ஹிட்லரின் பிரசாரம் உலகம் நம்ப வேண்டும் என்று விரும்பிய பொய்யும் இதுதான்.

எல்லோரும் பின்னால் நின்றார்கள் என்றால் கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸ் எதற்கு? போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 1 தேதியிட்ட ஆணை, வெளிநாட்டு வானொலி கேட்பதையே குற்றமாக்கியது. கேட்டதை நாலு பேரிடம் சொன்னால் மரண தண்டனைவரை போகலாம். 'மக்கள் நீதிமன்றம்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரே நீதிமன்றம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. எதிர்ப்பே இல்லாத நாட்டில் இவையெல்லாம் யாருக்காக?

"தோற்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதானே எதிர்த்தார்கள்" என்பார்கள் சிலர். 1944 ஜூலை 20 அன்று ராணுவ அதிகாரி ஷ்டாவ்ஃபன்பெர்க் வைத்த குண்டு ஒன்றை மட்டும் கேள்விப்பட்டவர்கள் அப்படிச் சொல்லலாம். கியோர்க் எல்சரைத் தெரிந்தவர்கள் சொல்ல முடியாது. அவர் ஒரு தச்சர். எந்த இயக்கமும் அவர் பின்னால் இல்லை. ஹிட்லர் ஆண்டுதோறும் பேசும் மியூனிக் நகர பீர் மண்டபத்தில், கடை அடைக்கும் நேரத்தில் ஒளிந்துகொண்டு, முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் மேடைக்குப் பின்னாலிருந்த தூணைக் குடைந்தார். மண்டியிட்டே வேலை செய்ததில் முட்டிகள் சீழ் பிடித்தன. உதிர்ந்த காரைத் தூளை ஒரு பிடி மிச்சமில்லாமல் அள்ளிக்கொண்டு போனார். 1939 நவம்பர் 8 இரவு, நேரம் குறித்தபடி குண்டு வெடித்தது. ஹிட்லரோ பதின்மூன்று நிமிடங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார். எட்டுப் பேர் செத்தார்கள். அவர்களில் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் உண்டு; எல்சரைப் புகழ்கிற யாரும் அதை மறைக்கக் கூடாது. போலந்து விழுந்து ஒரு மாதமே ஆன, ஜெர்மனி வெற்றியில் திளைத்த நேரம் அது. இன்னும் பெரிய ரத்தக்களரியைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக விசாரணையில் சொன்னார். 1945 ஏப்ரல் 9 அன்று டாஹாவ் வதைமுகாமில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே நாளில்தான் ஃப்ளோஸன்பர்க் முகாமில் டீட்ரிஹ் போன்ஹோஃபரைத் தூக்கிலிட்டார்கள். ஹிட்லரை எதிர்த்த லுத்தரன் போதகர். காந்தியிடம் வந்து கற்க ஆசைப்பட்டு, 1934இல் அவரிடமிருந்து அழைப்பும் பெற்றவர். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் இருக்கும் திருச்சியில் இந்தப் பெயர் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டும்.

"சரி, எதிர்த்து என்ன பயன்?" இந்தக் கேள்விக்கு நேர்மையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். பெர்லினில் ஓட்டோ, எலிசே ஹாம்பெல் என்று ஒரு தொழிலாளித் தம்பதி. எலிசேயின் சகோதரர் 1940இல் போரில் செத்தார். அதன்பின் இருவரும் ஹிட்லருக்கு எதிராக இருநூறுக்கும் மேற்பட்ட அஞ்சலட்டைகளைக் கையால் எழுதி, அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளில் போட்டுவிட்டு வந்தார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் அட்டையை நேராகப் போலீஸில் கொடுத்தார்கள். 1943 ஏப்ரலில் இருவர் தலையும் போயிற்று. பெரும்பான்மை பணிந்துதான் போனது, மறுக்கவில்லை. ஆனால் பயனே இல்லை என்பது சரியல்ல. 1941 ஆகஸ்டில் பிஷப் காலன், ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் அரசு கொல்கிறது என்று தேவாலய மேடையிலேயே போட்டு உடைத்தார். அதே மாதம் ஹிட்லர் அந்தத் திட்டத்தை நிறுத்த உத்தரவிட வேண்டியதாயிற்று. பிறகு அது மறைவில் தொடர்ந்தது என்பதும் உண்மை.

கடைசி வாதம்தான் கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும்: போர்க்காலத்தில் சொந்த அரசை எதிர்ப்பது துரோகமாம். போலந்தில் யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்படுவதைத் துண்டறிக்கையில் எழுதிய மியூனிக் மாணவர் குழுவைச் சேர்ந்த சோஃபி ஷோலுக்கு வயது 21. 1943 பிப்ரவரி 22 அன்று விசாரணை. அன்றே தலை வெட்டப்பட்டது. அதே போரின் நடுவில்தான், 1942 ஆகஸ்டில், நம் ஊர்க்காரர்கள் 'வெள்ளையனே வெளியேறு' என்று சிறைக்குப் போனார்கள். அவர்களை நாம் தியாகிகள் என்கிறோம். சோஃபிக்கு மட்டும் வேறு அளவுகோலா?

பஸ்ஸில் அன்று நான் மெயின்கார்டு கேட்டில் இறங்கிவிட்டேன். தெப்பக்குளத்தை ஒட்டி, 1766இல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. அவர் பிறந்த ஊர் ஸோனன்பர்க். அந்த ஊர்ச் சிறையில்தான் 1933இல் பத்திரிகையாளர் ஒஸியெட்ஸ்கியையும், ஹிட்லரை 1931இல் சாட்சிக்கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த வழக்கறிஞர் ஹான்ஸ் லிட்டனையும் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். 1945 ஜனவரி 30 இரவு அங்கே பல நாட்டுக் கைதிகள் எண்ணூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்று குவித்தார்கள்.

அடுத்த முறை பஸ்ஸில் யாராவது அப்படிச் சொன்னால், சும்மா கேட்டுக்கொண்டு வராதீர்கள். அந்தத் தச்சரின் கதையையாவது சொல்லுங்கள். பாலம் கடப்பதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.