பாறசாலை சானல்கரையில் பிரான்ஸ் மாதிரி சைக்கிள் பாதை சாத்தியமா?

இன்ஸ்டாகிராமில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருபுறமும் மரங்கள், நடுவே ஒரு கால்வாய், அதன் கரையில் சாவகாசமாக சைக்கிள் மிதிக்கும் ஒரு குடும்பம். கார் இல்லை, ஹாரன் இல்லை. இடம் பெரும்பாலும் பிரான்ஸின் ஏதோ ஒரு கிராமமாக இருக்கும்.

இப்போது நம்ம ஊர்க் காட்சி. ஞாயிறு காலை திருவனந்தபுரத்தில் இருந்து சைக்கிளில் கிளம்புகிறீர்கள். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டி களியக்காவிளைக்கு 30 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ்ஸுக்கும், பக்கத்தில் உரசிப் போகும் டிப்பருக்கும் நடுவே பாதி வழியிலேயே ஆசை விட்டுப்போகும்.

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அதாவது ஐந்தில் ஒருவர், எந்த வண்டியிலும் இல்லாதவர்.

பிரான்ஸுக்கும் நமக்கும் வித்தியாசம் பணம் மட்டும்தான் என்று நினைத்தால், அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, ஏற்கெனவே கையில் இருக்கும் கரைகளை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

பிரான்ஸ் என்ன செய்தது?

1997-இல் பர்கண்டி பகுதியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே, ரயில் ஓடுவது நின்றுபோன 44 கி.மீ. தடத்தை சைக்கிள் பாதையாக்கினார்கள். பிரான்ஸின் முதல் 'வுவா வெர்த்', அதாவது பசுமை வழி, அதுதான். 2004-இல் இந்தப் பெயர் போக்குவரத்துச் சட்டத்துக்குள் வந்தது. சைக்கிள், நடப்பவர், குதிரையில் வருபவர் ஆகியோருக்கு மட்டும். மோட்டார் வண்டிக்கு இடமில்லை என்று வரையறை செய்தார்கள்.

இரண்டாவது, கால்வாய்க் கரைகள். ஒரு காலத்தில் சரக்குப் படகுகளைக் குதிரைகள் கரையில் நடந்து இழுத்துப் போகும். அந்தக் குதிரைத் தடங்கள்தான் இன்று சைக்கிள் பாதைகள். 1681-இல் முடிந்த, 240 கி.மீ. நீளமுள்ள கனால் து மிடி இதற்குப் பெரிய உதாரணம். இவ்வளவு புகழ்பெற்ற கால்வாயிலும் துலூஸ் நகரத்தில் இருந்து முதல் 50 கி.மீ. சுமாருக்குத்தான் வழவழப்பான பாதை. அதற்குப் பிறகு பெரும்பகுதி மண் தடம்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. கரை நீர்வழி நிறுவனத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. உள்ளாட்சிகள் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, பாதையை மட்டும் பராமரிக்கின்றன. கால்வாயில் படகும் போகும், வயலுக்குத் தண்ணீரும் போகும், கரையில் சைக்கிளும் போகும். ஒரே நிலம், இரண்டு பயன்பாடு.

பாறசாலையில் என்ன இருக்கு?

பழைய ரயில் தடம் இங்கே இல்லை. 1979-இல் திறந்த திருவனந்தபுரம் – கன்னியாகுமரி ரயில் பாதையை இப்போது இரட்டை வழியாக்குகிறார்கள். அது உயிரோடு இருக்கும் பாதை. ஆக, மிச்சம் இருப்பது கால்வாய்கள்.

கடற்கரையை ஒட்டி ஏ.வி.எம். கால்வாய். அனந்தன் – விக்டோரியா – மார்த்தாண்டன் என்பதன் சுருக்கம். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகு வழியாக இணைக்க, திருவிதாங்கூர் மன்னராட்சி 1860 வாக்கில் வெட்டத் தொடங்கி, முழுசாக முடியாமல் போன கனவு. 2016 தேசிய நீர்வழிச் சட்டம் பட்டியலிட்ட 111 நீர்வழிகளில் இதற்கு 13-ஆவது இடம்: பூவாறு கடற்கரையில் இருந்து இரயுமன்துறை வரை 11 கி.மீ. நிதானமாக மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் தூரம். வழியில் 2017 ஒக்கி புயலில் நாடே பெயர் கேட்ட மீனவ ஊர்கள். சட்டத்தில் இது தேசிய நீர்வழி. நேரில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் தூர்ந்து, ஆக்கிரமிப்பில் சுருங்கிக் கிடக்கும் பள்ளம்.

உள்நாட்டில் நெய்யாறு இடதுகரைக் கால்வாய். குமரி மாவட்டத்தில் கால்வாயை யாரும் கால்வாய் என்று சொல்வதில்லை, அது 'சானல்'. நெய்யாறு அணையில் இருந்து நெய்யாற்றின்கரை தாலுகா வழியாக பாறசாலைப் பக்கம் வந்து, எல்லை தாண்டி பழைய விளவங்கோடு தாலுகாவுக்குப் போகும் சானல் இது. பராமரிப்புக்காக விட்ட கரை, ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே நடைபாதை. சானல் நிலமட்டத்தை ஒட்டி மெதுவாகச் சரிந்து போவதால் பெரிய ஏற்றம் இருக்காது. சைக்கிளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்போ சிக்கல் எங்கே?

தண்ணீரில். நெய்யாறு திட்டம் தொடங்கும்போது இரண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சானலின் தலை ஒரு மாநிலத்தில், வால் இன்னொரு மாநிலத்தில். 2004-இல் தமிழ்நாட்டுக்கு வந்த தண்ணீரை கேரளம் நிறுத்தியது. விளவங்கோடு பகுதியில் 9,200 ஏக்கர் இதை நம்பியிருந்தது என்பது தமிழ்நாட்டின் வாதம். நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான நதியே இல்லை என்பது கேரளத்தின் வாதம். 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

தண்ணீர் வரும் சானலைத்தான் தூர்வாருவார்கள், கரையைச் செப்பனிடுவார்கள். தண்ணீர் வராத சானலில் புதர்தான் வளரும். அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் சைக்கிள் பாதை பற்றிப் பேசினாலே விவசாயிகளுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும்: "சானலை பார்க்கா மாத்திட்டா, அப்புறம் தண்ணி கேட்க முடியுமா?"

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எந்தத் திட்டமும் வரக் கூடாது. பிரான்ஸில் இருந்து எடுக்க வேண்டிய பாடமும் இங்கேதான் இருக்கிறது. ரயில் நின்றுபோன தடம் வேறு, தண்ணீருக்கு உரிமை இருக்கும் கால்வாய் வேறு. இந்தச் சானலுக்கு ஜிவ்ரி – க்ளூனி முன்மாதிரி ஆகாது. கனால் து மிடிதான் ஆகும். பாதை கரையில் மட்டும். 'இது பாசனக் கால்வாய், இதன் தண்ணீர் உரிமை எதுவும் மாறவில்லை' என்பது ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

யாருக்காக இந்தப் பாதை?

வார இறுதியில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வரும் நமக்காக மட்டும் என்றால், இதற்கு அரசு செலவு செய்வதை நியாயப்படுத்துவது கஷ்டம். ஆனால் எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கம் 2001-இல் சிறிதாகத் தொடங்கி விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம் இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு சைக்கிள் கிடைக்கிறது. சைக்கிளைக் கொடுத்த அரசு, அதைப் பயமில்லாமல் ஓட்ட ஒரு பாதையைக் கொடுக்கவில்லை. தினமும் அதில் போகும் பிள்ளைகள்தான் சானல்கரையின் முதல் பயணிகள். சுற்றுலா வந்தால் அது கூடுதல் லாபம்.

என்ன செய்யலாம்?

புதுச் சட்டம் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, ஒரு பகுதியிலோ சாலையிலோ வண்டிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்கு ஏற்கெனவே தருகிறது. கரையிலேயே வீடு இருப்பவர்களின் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் விலக்கு கொடுக்கலாம். பிரான்ஸிலும் கரைவாசிகளுக்கு இப்படி விலக்கு கொடுக்கும் இடங்கள் உண்டு. 1996 மக்கள் திட்டத்துக்குப் பிறகு கேரள ஊராட்சிகளுக்குத் திட்ட நிதியும் அதிகாரமும் இருக்கின்றன. பாசனத் துறையோடு ஒப்பந்தம் போட்டு, பாறசாலைப் பக்கம் சில கிலோமீட்டரில் தொடங்கினால் எல்லைத் தகராறு குறுக்கே வராது. ஆழமான இடங்களில் தடுப்பு, விளக்கு, தெருநாய்க்கு ஒரு வழி, மழைக்காலத்தில் சகதியாகாத மண் தடம். தேவைகள் இவ்வளவுதான், ஆனால் இதில் ஒன்று விட்டாலும் பெண்களும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

மக்கள் வருவார்களா என்ற சந்தேகம் இருந்தால், திருவட்டாறு அருகே 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 115 அடி உயரத்தில் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய பாசனத் தொட்டி அது. அதன் ஓரத்தில் நடப்பதற்காகவே ஜனங்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். அதற்காக யாரும் தண்ணீரை நிறுத்தவில்லை.