இரண்டாம் மூட்டை



2025-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 15-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். நம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டியார் ஒருவர் என்னை நிறுத்தி, "தம்பி, சேதி கேட்டாயா? ஈரானிலே சண்டையாம். இனிமேல் சமையல் கேஸ் வராதாம். அரிசி பருப்பெல்லாம் இரட்டை விலை ஆகப் போகிறதாம். மாப்பிள்ளையின் போனில் வந்திருக்கிறது. வேண்டியதை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்" என்றார். சிரித்துக்கொண்டே விடைபெற்றேன். ஆயினும் வீடு திரும்பியபோது, ஒரு மூட்டை அரிசி வாங்கச் சென்றவன் இரண்டு மூட்டைகளோடு திரும்பினேன். அந்த இரண்டாம் மூட்டையைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைகிறேன்.

அம்மையாரின் அச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே பெறுகிறது. பாரசீக வளைகுடாவின் வாயிலாக அமைந்த ஹோர்முஸ் நீரிணை வழியே, 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகம் நுகரும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சென்றது. அவ்வழி அடைபட்டால் லாரிக்கு டீசல் விலை ஏறும். லாரி வாடகை ஏறினால் கத்தரிக்காயின் விலையும் ஏறும். இதில் ஐயமில்லை.

ஆனால் அந்த ஜூன் திங்களில் நிகழ்ந்தது என்ன? 13-ஆம் நாள் போர் தொடங்கியதும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஒரே நாளில் நூற்றுக்கு ஏழு அளவில் உயர்ந்தது. நீரிணையோ ஒரு நாளேனும் அடைபடவில்லை. 24-ஆம் நாள் போர் ஓய்ந்ததும், தொடங்குமுன் இருந்த நிலைக்கும் கீழே விலை இறங்கிவிட்டது. எண்ணெய் குறைந்ததனால் ஏறிய விலையன்று அது. குறைந்துவிடுமோ என்ற அச்சத்தால் ஏறிய விலை. போர்க்கால விலையில் இவ்விரு கூறுகளும் எப்பொழுதும் கலந்தே இருக்கின்றன. முன்னது நம் கையில் இல்லை. பின்னதில் நமக்கும் பங்குண்டு.

இவ்வுண்மையைத் தமிழர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இரவில் கண்டனர். முதல் உலகப் போர் மூண்ட 1914-ஆம் ஆண்டு செப்டம்பரில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவில் புகுந்தது. கல்கத்தாவுக்கு வருவனவும் இங்கிருந்து செல்வனவுமான கப்பல்கள் பலவற்றை மறித்துப் பிடித்தது. தேயிலை ஏற்றிச் சென்ற டிப்ளமாட் என்ற கப்பல் கடலுக்குள் போயிற்று. துறைமுகத்தைவிட்டுப் புறப்படவே கப்பல்கள் தயங்கின. பின்னர், செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, அது சென்னைக் கடற்கரையை அணுகி நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. அதன் குறி பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள். எண்ணெய் பற்றி எரிந்த ஒளி நெடுந்தொலைவு தெரிந்தது. கரையிலிருந்த பீரங்கிகளுக்கு அகப்படாமல் கப்பல் இருளில் மறைந்துவிட்டது.

தாக்குதல் நடந்ததோ அரை மணி நேரம். அதனால் விளைந்த கலக்கமோ பல நாள் நீடித்தது. எம்டன் மீண்டும் வருகிறது என்ற பேச்சுப் பரவ, ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலொன்று எம்டனை வீழ்த்தியது. ஆயினும் அதன் பெயர் மட்டும் நம் மொழியில் தங்கிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? எரிந்தது எண்ணெய், எஞ்சியது அச்சத்தின் பெயர்.

சென்னையின் கதை ஓடியவர் திரும்பி வந்ததோடு முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் நாம் வாழும் இந்நகரின் கதை அவ்வாறு முடியவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பின்வாங்கிய ஆங்கிலேயர் சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும், ஏப்ரலில் யேனங்யாவுங் எண்ணெய்க் கிணறுகளையும் தாமே அழித்தனர். அங்கிருந்து வந்துகொண்டிருந்த மண்ணெண்ணெயும் அரிசியும் ஒருங்கே நின்றன. பர்மாவில் வாழ்ந்த நம்மவர் உள்ளிட்ட இந்தியர் இலட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். தப்பி வந்தோருள் பலர் முதலில் கண்ட பெருநகரம் இக்கல்கத்தாவே.

பகைவன் கைக்குப் போகக்கூடாது என்று கருதி அரசு கடலோர வங்காளத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட படகுகளை அப்புறப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் பெரும்புயல் மேதினிப்பூரை அழித்தது. டிசம்பர் 20-ஆம் நாள் இரவு கல்கத்தாமீதே குண்டு விழுந்தது. மக்கள் நகரைவிட்டு ஓட, அரிசி உள்ளவர் பதுக்கினர். பணம் உள்ளவர் வாங்கிக் குவித்தனர். 1942 டிசம்பரில் மணங்கு ஒன்றுக்குப் பதின்மூன்று பதினான்கு ரூபாயாக இருந்த அரிசி, 1943 ஆகஸ்டில் முப்பத்தேழு ரூபாயாயிற்று.

அந்நாளில் அரசு மக்களிடம் கூறியது யாது? உணவுக்குப் பெரிய பற்றாக்குறை எதுவுமில்லை என்பதே. மக்களின் கலக்கத்தைத் தணிக்க அவ்வாறு கூறினர் போலும். கடைவீதியின் விலை அதனை நாள்தோறும் பொய்யாக்கியபோது, அரசு சொன்ன மெய்யையும் நம்புவார் இல்லாது போயினர். பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை. சித்தப்பிரசாத் என்னும் ஓவியர் மேதினிப்பூரில் கண்ட கொடுமைகளை வரைந்து வெளியிட்ட நூலின் படிகள் பறிமுதல் செய்யப்பட்டு எரிக்கப்பட்டன. 1943 ஆகஸ்ட் 22-இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ், ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸின் துணிவால், தெருவில் கிடந்தோரின் புகைப்படங்களை வெளியிட்ட பிறகே உலகம் விழித்துப் பார்த்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மாண்டோர் பதினைந்து இலட்சம் என்றது விசாரணைக் குழு; பின்வந்த ஆய்வாளர் பலர் முப்பது இலட்சம் வரை கணக்கிடுகின்றனர்.

மாண்டவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நகரத்து ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்தோர்க்கு மலிவு விலையில் அரிசி வழங்க ஏற்பாடுகள் இருந்தன. எழுத்தர்களாக இங்கு வந்த நம் முன்னோர் பலரும் அதனால் பிழைத்திருப்பர். தெருவில் மடிந்தவர் சிற்றூர்களிலிருந்து வந்த கூலியாட்களும் மீனவரும். நாட்டில் அரிசியே இல்லாமற் போனதனால் மட்டும் அவர்கள் மடியவில்லை. இருந்த அரிசி அவர்களுக்கு எட்டாத விலைக்கு ஏறிவிட்டது. இந்நகரில் பயின்ற அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியது இதனையே.

அடுத்த தலைமுறைகளும் இதே பாடத்தை வேறு வடிவில் கண்டன. 1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் மூண்ட போரையடுத்து, பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த எண்ணெய் சில திங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, அங்கிருந்த இந்தியர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். முன்னரே நலிந்திருந்த நம் அந்நியச் செலாவணி எண்ணெய்ச் செலவால் மேலும் கரைய, 1991-இல் ரிசர்வ் வங்கி தங்கத்தை வெளிநாட்டில் ஈடு வைத்தது. அதே போரையொட்டி அமெரிக்காவில் இளம்பெண் ஒருத்தி கண்ணீருடன் சாட்சி சொன்னாள்: குவைத் மருத்துவமனையில் படைவீரர்கள் குழந்தைகளை வெப்பப் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டனர் என்று. உலகம் கொதித்தது. அவள் குவைத் தூதரின் மகள் என்பது 1992-இல் வெளியாயிற்று. சொன்ன செய்திக்கும் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. குவைத் மக்கள் பட்ட துன்பம் மெய்யே. ஆயினும் மெய்யான துன்பத்தோடு பொய்யைச் சேர்ப்பது போர்க்காலத்தில் எவ்வளவு எளிது என்பதை இதனால் அறியலாம்.

அந்நாளில் பொய்யைப் பரப்ப அச்சகமும் வானொலியும் வேண்டியிருந்தன. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. ஆகையால் பொறுப்பும் நம்மிடம் வந்துவிட்டது. போர்ச் செய்தி ஒன்று வந்தால், இதைச் சொன்னவர் யார், நாம் நம்புவதனால் ஆதாயம் யாருக்கு என்று ஒரு கணம் கேட்போம். பிறர்க்கு அனுப்புமுன் ஒரு நாள் பொறுப்போம். கடைக்குச் சென்றால் வழக்கமான அளவே வாங்குவோம். செய்தி மெய்யாகவே இருந்துவிட்டால் என் செய்வது என்பீர்கள். மெய்யாயின் இருப்பதைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய தேவை இன்னும் மிகுதியன்றோ?

நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வரும் பெண்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் கானிங் பக்கத்திலிருந்து ரெயிலேறி வருபவர் பலர். அன்றாடம் கிலோக் கணக்கில் அரிசி வாங்குபவர்கள் அவர்கள். நாம் அச்சத்தால் வாங்கும் இரண்டாம் மூட்டையின் விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை, அவர்களும் கொடுக்கிறார்கள்.

என் வீட்டு இரண்டாம் மூட்டை ஆவணி வரை ஒரு மூலையில் கிடந்தது. பிரித்தபோது வண்டு விழுந்திருந்தது. முறத்தில் புடைத்து எடுத்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே எனக்குப் போதுமானதாயிருந்தது.