நீர்வண்ணம் பழகுதல்

ஓவியக் கலை பிறவியிலேயே அமைய வேண்டும். பயின்று பெறுவதற்கு உரியதன்று என்று கூறுவோர் பலர். அவருள் பெரும்பாலோர் தூரிகையைத் தொட்டும் அறியாதவர். பெரும்புகழ் பெறும் ஓவியர் சிலரே ஆவர் என்பது உண்மை. ஆயினும், பாவலர் ஆக மாட்டோம் என்று கருதி எவரும் எழுத்துப் பழகாமல் விடுவதில்லை. ஓவியத்திற்கு மட்டும் வேறு நீதி எதற்கு?

தேர்வு நெருங்கும்போது ஓவிய வகுப்பின் நேரத்தைக் கணக்கிற்கோ அறிவியலுக்கோ ஒதுக்கிவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. கணக்கு வேண்டா என்று யார் சொல்வார்? ஆனால், கண்ணும் பயிற்சி பெற வேண்டிய ஒன்று என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். வேப்பிலையின் நிறம் யாது என்று கேட்டால், பச்சை என்று உடனே விடை கூறுவோம். மரத்தின் அருகில் சென்று பாருங்கள். தளிர் செம்பு நிறமாக இருக்கும். முதிர்ந்த இலை கரும்பச்சையாக இருக்கும். உதிரும் இலை மஞ்சளாக இருக்கும். வெயில் படும் இலையின் மேற்புறத்தில் வானத்தின் வெளிர்நிறமும் சிறிது தோன்றும். இத்தனை நிறங்களும் நாள்தோறும் நம் முன் இருந்தும், பச்சை என்னும் ஒரு சொல் அவற்றையெல்லாம் மறைத்துவிட்டது. வரையத் தொடங்குபவனுக்கே அந்தத் திரை விலகும்.

செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1503ஆம் ஆண்டில் ஒரு பிடி புல்தரையை வரைந்தார். அரசரும் இல்லை, போரும் இல்லை. வழியில் மிதித்துச் செல்லும் புல்லும் பூண்டும் அவ்வளவே. ஆனால், அவற்றுள் இன்ன இன்ன செடிகள் உள்ளன என்று தாவரநூல் வல்லார் இன்றும் பெயர் சொல்லலாம். வியன்னா நகரின் ஆல்பர்ட்டினா காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியம், பெரும்பாலும் நீர்வண்ணத்தால் ஆயது.

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறப்பொடியை வேல இன மரத்தின் பிசினோடு குழைத்துச் செய்வது. நீர் பட்டதும் அது கரையும். நீர் உலர்ந்ததும் பிசின் பொடியைத் தாளில் பிடித்துக்கொள்ளும். நெய்வண்ணத்திற்கு வேண்டிய எண்ணெயும் நெடியும் இதில் இல்லை. ஆதலால் வீட்டுத் திண்ணையே இதற்குப் போதும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. இங்கே சுவர் தாளே. மாணவர் பலர் இருபத்து நான்கு நிறங்கள் அடங்கிய பெட்டியை விலை கொடுத்து வாங்கி, எழுதும் ஏட்டுத் தாளில் வண்ணம் தீட்டுகின்றனர். தாள் சுருங்கிக் குமிழ்கிறது. வண்ணம் பள்ளத்தில் தேங்குகிறது. தமக்குக் கலை வாராது என்று சோர்ந்துவிடுகின்றனர். குற்றம் தாளினது. சதுர மீட்டருக்கு 300 கிராம் நிறையுள்ள தாள் நீரைத் தாங்கும். அதன் விலை மிகுதிதான். எனினும் ஒரு பெருந்தாளை எட்டாக நறுக்கினால் எட்டுப் படங்களுக்கு ஆகும். அப்பணத்தைப் பெட்டியில் மிச்சப்படுத்துங்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்று நிறங்களும், முனை கூரிய உருண்டைத் தூரிகை ஒன்றும், வெண்பீங்கான் தட்டும், இரு குவளை நீரும், பழந்துணியும் முதலில் போதும். குவளை இரண்டு எதற்கு எனின், ஒன்று தூரிகை கழுவ, மற்றொன்று வண்ணம் குழைக்க. கழுவிய நீரிலேயே குழைத்தால் நிறம் அழுக்கேறும்.

எதை வரைவது? மலையும் கடலும் பின்னர் ஆகட்டும். ஒரு கத்தரிக்காயைச் சாளரத்தின் அருகே வெள்ளைத் துணிமேல் வையுங்கள். அதன் தோலில் பளிச்சென ஒரு வெண்மை தோன்றும். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளே. எனவே அவ்விடத்தை மட்டும் தொடாமல் விட வேண்டும். சிவப்பையும் நீலத்தையும் மிகுந்த நீரில் குழைத்து, மற்ற இடமெங்கும் மெல்லியதாகப் பூசுங்கள். நன்கு உலரட்டும். உலர்ந்தால் நிறம் வெளிறும். அது கண்டு திகைக்க வேண்டா. பின்னர் ஒளி படாத பக்கத்தில் மீண்டும் ஒரு பூச்சு. அடியில் இன்னும் ஒன்று. வெளிரிலிருந்து கருமைக்குச் செல்வதே முறை. கருத்துவிட்ட இடத்தை வெளுக்கச் செய்வது மிக அரிது. காம்பின் பச்சைக்கு மஞ்சளும் நீலமும் உள்ளன. துணியில் விழும் நிழலை உற்றுப் பாருங்கள்; அது கருமையன்று, நீலம் கலந்த சாம்பல் நிறம். பெரும்பாலோர் இடறுவது பொறுமையில்தான். முதற்பூச்சு பாதி உலர்கையில் மேலும் நீர் பட்டால், ஓரம் கிழிந்த கறைகள் பூப்பூவாகப் படரும். கார்மேகம் வரைபவர் ஈரத்தின்மேல் ஈரமாகத் தீட்டி அதனையே அழகாக்கிக்கொள்வதும் உண்டு. அவனீந்திரநாத் தாகூர், கல்கத்தாவுக்கு வந்த சப்பானிய ஓவியரிடம் கண்ட முறையைத் தழுவி, நிறம் தீட்டிய தாளை நீரில் நனைத்து மீண்டும் மீண்டும் தீட்டினார். 1905இல் அவர் வரைந்த பாரத மாதா ஓவியத்தின் மென்மை அவ்வாறு பிறந்ததே.

நாட்காட்டிப் படங்களைப் பார்த்து வரைவது நல்ல பயிற்சியாகாதா எனச் சிலர் கேட்பர். கைக்கு அது சிறிது உதவலாம். ஆனால், அங்கே பார்த்தவர் வேறொருவர். எதை விடுவது, எதைக் கொள்வது என்று தேர்ந்தவரும் அவரே. கோணலாக அமைந்தாலும் நம் வீட்டுக் கத்தரிக்காயே மேலானது என்பது என் துணிபு.

வரைந்த படத்தை வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டா. சில நிறங்கள் ஒளியில் மங்கிவிடும். ஆங்கில ஓவியர் டர்னரின் நீர்வண்ண ஓவியங்கள் 31, ஹென்றி வான் என்பாரின் கொடையாக 1900இல் அயர்லாந்து தேசியக் காட்சியகத்தை அடைந்தன. அவற்றைப் பகலொளி மிகக் குறைந்த சனவரி மாதத்தில் மட்டுமே மக்கள் காண வைத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த கட்டளை. உங்கள் படங்களுக்கு ஒரு தடித்த அட்டை உறை போதும். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் நாளைக் குறித்து, கிழிக்காமல் அதனுள் இட்டு வையுங்கள்.