விசா கையில், கதவு பூட்டில்!

2017 ஜனவரி 28ஆம் தேதி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை அடுத்த டல்லஸ் விமான நிலையத்தில் ஏமன் நாட்டுச் சகோதரர்கள் இருவர் வந்து இறங்கினர். அவர்களுடைய தகப்பனார் அமெரிக்கக் குடிமகன். பிள்ளைகளைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள அவர் முறைப்படி மனுச் செய்திருந்தார். மனு மஞ்சூராயிற்று. வைத்தியப் பரிசோதனை முடிந்தது. தூதரக அதிகாரி பேட்டி கண்டார். பாஸ்போர்ட்டில் குடியேற்ற விசா ஒட்டப்பட்டது. இனி என்ன குறை என்றுதான் அந்த இளைஞர்கள் விமானம் ஏறியிருப்பார்கள்.

ஆனால் அதற்கு முதல் நாள்தான் ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டிருந்தார். ஏழு நாடுகளின் மக்கள் 90 நாட்களுக்கு உள்ளே வரக் கூடாது என்றது அந்த உத்தரவு. ஏமன் அந்த ஏழில் ஒன்று. விமான நிலையத்தில் இருந்த அதிகாரிகள், விசாவைக் கைவிடுவதாக எழுதிய காகிதத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எத்தியோப்பியாவுக்குத் திரும்பும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்றே எங்களுக்குப் புரியவில்லை, நிர்ப்பந்தத்தின் பேரில் கையெழுத்திட்டோம் என்று அவர்கள் தரப்பில் பின்னர் கோர்ட்டில் முறையிடப்பட்டது.

அப்படியானால் விசா என்பதுதான் என்ன? அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் 1952லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. விசா உள்ளே நுழையும் உரிமை அல்ல. வாசல் வரை வந்து கதவைத் தட்டுவதற்கு அனுமதி, அவ்வளவுதான். கதவைத் திறப்பது வாசலில் நிற்கும் அதிகாரியின் கையில் இருக்கிறது. காலமெல்லாம் காத்திருந்து விசா வாங்கிய குடும்பத்துக்கு இந்தக் கடைசிப் பயணம்தான் பெரிய கண்டம். அந்தப் பயணத்துக்கு விதித்துள்ள விதிகளைச் சற்றுப் பார்ப்போம்.

முதலாவது, கெடு. குடியேற்ற விசா அதிகம் போனால் ஆறு மாதத்துக்குச் செல்லும். வைத்தியச் சான்றிதழின் காலம் முன்னதாக முடிந்தால் விசாவின் காலமும் அதோடு சரி. அதற்குள் வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, வயதான தாய்க்கு ஒரு வழி செய்துவிட்டு, டிக்கெட்டுக்குக் கடன் வாங்கி, போய் இறங்கிவிட வேண்டும். விசாவை நீட்டிக்க முடியாது. தவிர்க்க முடியாத காரணத்தால் தவறிப்போயிற்று என்று காட்டினால் மறு விசா கேட்கலாம். அதற்கு மறுபடியும் கட்டணம். சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் மறுபடியும் பரிசோதனை.

இவ்வளவு அவசரப்படுத்துகிற சர்க்கார், தான் மட்டும் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது? 1990ஆம் ஆண்டுச் சட்டம் குடும்ப முன்னுரிமை வகைகளுக்கு ஆண்டுக்கு 2,26,000 விசாக்கள் என்று அடிப்படை எண்ணை வைத்தது. எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் இல்லை என்றும் விதித்தது. விளைவு என்ன? அமெரிக்கக் குடிமக்களின் இந்திய சகோதர சகோதரிகளில், 2006ல் மனுச் செய்யப்பட்டவர்களுக்குத்தான் 2025 தொடக்கத்தில் முறை வந்திருந்தது! மெக்ஸிகோ, பிலிப்பைன்ஸ் மக்களின் நிலை இதைவிட மோசம். பதினெட்டு வருஷம் காக்க வைத்தவன், வந்தவனைப் பார்த்து ஆறு மாதத்தில் ஓடி வா என்கிறான். தாமதம் சர்க்காருடையது, தண்டனை குடும்பத்துக்கு!

இரண்டாவது, வரிசை. முன்னுரிமை வகைகளில் மனு யார் பேரில் மஞ்சூரானதோ, அவர் முதலில் நுழைய வேண்டும். அல்லது எல்லோரும் சேர்ந்து நுழைய வேண்டும். மனைவியும் குழந்தைகளும் அவருக்குப் பின்னால் வரலாம். முன்னால் காலடி வைக்கக் கூடாது. அவர் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தால், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தாயோடு அனுப்பிவைக்க வழியில்லை. குடும்பம் முழுவதும் காத்திருக்க, எல்லாருடைய விசாவும் நாள் நாளாகத் தேய்ந்துகொண்டே போகும். சட்டத்தின் கண்ணுக்குக் குடும்பம் ஒருவனுடைய மூட்டை முடிச்சாகத்தான் தெரிகிறது.

மூன்றாவது, கல்யாணம். நிரந்தரமாக வசிக்கும் உரிமை மட்டும் பெற்ற ஒரு தொழிலாளி, கல்யாணமாகாத தன் மகளுக்கு மனுச் செய்கிறான். வருஷக்கணக்கில் காத்திருந்து விசா வருகிறது. பயணத்துக்கு முதல் வாரம் அந்தப் பெண் தாலி கட்டிக்கொண்டால்? விசா போயிற்று, மனுவும் போயிற்று. கல்யாணமான பிள்ளைகளுக்கு அந்த நிலையில் உள்ள தகப்பன் மனுச் செய்ய வகையே இல்லை. தகப்பன் குடிமகனாக இருந்தால் மனு உயிரோடு இருக்கும். ஆனால் மகள் வேறொரு நீண்ட வரிசையில் போய் நிற்க வேண்டும். வாலிபத்தை வரிசைக்குக் காவு கொடு என்பதுதானே இதன் பொருள்?

நான்காவது, மரணம். மனுச் செய்தவர், குடும்பம் வந்து சேர்வதற்குள் இறந்துவிட்டால் மனு தானாகவே ரத்தாகும் என்பது பொது விதி. குடிமகனின் விதவைக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. வேறு சில விலக்குகளும் உண்டு. மற்றவர்கள் மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கும்படி கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் இஷ்டம்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் கொடியது. குடிமகன் தன் தாய்க்கு மனுச் செய்தால் எண்ணிக்கை வரம்பு இல்லை. விசா விரைவில் கிடைக்கலாம். ஆனால் அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சின்ன மகனுக்கு அதே மனுவில் இடமில்லை. தாய் தனியாக வந்து, பிறகு அவனுக்காகப் புதிதாக மனுச் செய்ய வேண்டும். ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர இன்னொரு பிள்ளையை விட்டு வா என்பது என்ன நியாயம்?

இதற்கெல்லாம் மேலே காசு வேறு. மனுவுக்கும் விசாவுக்கும் கட்டியது போக, அட்டைக்கென்று தலைக்கு ஒரு கட்டணம்: 2016 டிசம்பருக்கு முன் 165 டாலர், பிறகு 220 டாலர், 2024 ஏப்ரல் 1 முதல் 235 டாலர். அழைப்பவரின் வருமானம் வறுமைக்கோட்டுக்கு மேல், பொதுவாக நூற்றுக்கு 125 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. கூலி குறைந்தவனுக்கு மனைவி மக்களோடு வாழும் பாத்தியதை கிடையாது போலும்!

இன்னொரு கேள்வியும் விண்ணப்பத்தில் உண்டு: நீ கம்யூனிஸ்ட் கட்சியில் அங்கத்தினனா? அந்தக் கட்சியைச் சேர்ந்தவர் குடியேறத் தகுதியற்றவர் என்று 1952ல் எழுதிய ஷரத்து, விலக்குகள் சில சேர்க்கப்பட்ட போதிலும், சட்டப் புத்தகத்தில் நீடித்தே வந்திருக்கிறது. மகனைப் பார்க்கப் போகும் கிழவனின் மனத்தையும் சோதனை போடுகிற இதற்குப் பெயர் சுதந்திர உலகம்!

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் எல்லைக்கு விதிகள் வகுக்கும் உரிமை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. உரிமை உண்டு. விதிகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தச் சட்டத்திலேயே நல்ல திருத்தங்கள் வந்திருப்பதையும் மறைக்கவில்லை. சர்க்காரின் தாமதத்தால் பிள்ளைக்கு 21 வயது தாண்டிப்போவதைப் பல சந்தர்ப்பங்களில் ஈடுசெய்யும் சட்டம் 2002ல் வந்தது. தாமதத்துக்குக் குழந்தை பொறுப்பல்ல என்று அன்று ஒப்புக்கொண்டார்கள் அல்லவா? அதே நியாயம் மணப்பெண்ணுக்கும், தகப்பனை இழந்த மகனுக்கும், காலொடிந்த தொழிலாளிக்கும் ஏன் பொருந்தாது? மூலதனம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக ஆறு மாதக் கெடுவும் இல்லை, வைத்தியப் பரிசோதனையும் இல்லை. உழைப்பவனின் கைகள் தேவைப்படும்போது அவற்றை வரவேற்கிறார்கள். அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டு குழந்தை வந்தால்தான் சட்டம் பேசுகிறார்கள்.

அந்த ஏமன் சகோதரர்கள் கதி என்னவாயிற்று? அன்று மாலை நியூயார்க் நகரில் டாக்ஸி தொழிலாளர் சங்கம் ஒரு முடிவு எடுத்தது. கென்னடி விமான நிலையத்தில் ஆறு மணி முதல் ஏழு மணி வரை எவரையும் ஏற்றுவதில்லை என்று வேலை நிறுத்தம் செய்தது. அவர்களில் பலர் தாங்களே கடல் கடந்து வந்தவர்கள். பல நகரங்களின் விமான நிலையங்களில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு கோஷமிட்டனர். வக்கீல்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்து மனுக்கள் எழுதினர். அன்றிரவே புரூக்ளின் நீதிபதி, செல்லுபடியாகும் விசாவுடன் வந்தவர்களைத் திருப்பி அனுப்பத் தடை விதித்தார். பிப்ரவரி 3ல் சியாட்டில் நீதிபதி உத்தரவையே நாடு முழுவதும் நிறுத்தி வைத்தார். சகோதரர்கள் இருவரும் அந்த பிப்ரவரியிலேயே திரும்பி வந்து தகப்பனாரைச் சேர்ந்தனர்.

ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. திருத்தி எழுதப்பட்ட மூன்றாவது தடையை 2018 ஜூன் 26ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அனுமதித்தது. 2021 ஜனவரி 20ல் ஜனாதிபதி பைடன் அதை ரத்து செய்தார். 2025 ஜூன் 4ல் டிரம்ப் 12 நாடுகள் மீது மறுபடியும் முழுத் தடை விதித்தார். குடிமக்களின் கணவன், மனைவி, சிறு பிள்ளைகள், பெற்றோருக்கு அதில் விலக்கு இருந்தது. அண்ணன் தம்பிகளுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இல்லை. டிசம்பர் 16ல் வந்த அடுத்த பிரகடனம் குடும்பத்தாருக்கான விலக்கையும் சுருக்கியது. ஒரு கையெழுத்தில் வருவதும் இன்னொரு கையெழுத்தில் போவதும் உரிமை ஆகாது. அது எஜமானன் போடும் பிச்சை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கொடுத்த விசாவை எந்தப் பிரகடனமும் தொடக் கூடாது. நோய், பிரசவம், பரீட்சை போன்ற காரணங்களுக்குக் கட்டணமின்றிக் கெடுவை நீட்டிக்க வேண்டும். மனு மஞ்சூரான குடும்பத்தில் எவரும் எந்த வரிசையிலும் நுழையலாம் என்று ஆக்க வேண்டும். கல்யாணமும் மரணமும் மனுவைக் கொல்லக் கூடாது. தாயோடு சிறு பிள்ளையும் வர வேண்டும். இது அமெரிக்காவுக்கு மட்டும் அல்ல. நம் நாட்டையும் சேர்த்து எந்த சர்க்காருக்கும் இதே அளவுகோல்தான்.

விசா வாங்கிவிட்ட குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கெடுத் தேதியை முதலில் பாருங்கள். மனுவுக்குரியவர் முன்னே செல்லட்டும். தூதரகம் முத்திரையிட்ட உறை கொடுத்திருந்தால் பிரிக்காதீர்கள். பெட்டியில் போடாமல் கையிலேயே கொண்டு போங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

பூட்டிய கதவு திறந்தது அதிகாரியின் கருணையால் அல்ல. கோர்ட்டில் வக்கீல்கள் வாதாடியபோது, ஒரு மணி நேரம் டாக்ஸியை நிறுத்திய தொழிலாளியும் வாசலில் நின்ற ஜனங்களும் அவர்களுக்குப் பக்கபலமாக இருந்தார்கள். அந்த ஒற்றுமை நீடிக்க வேண்டும்!